இடப்பக்கத்துக் கடல்

அத்தியாயம் 5

செருப்பை மடியில் வைத்துக்கொண்டு யாரும் உட்காருவதில்லை. சிவானி உட்கார்ந்திருந்தாள்.

பழுப்பு நிற ஜோடி. குதிகால் தேய்ந்தது. இரண்டின் வாரிலும் மஞ்சள் நூல் சுற்றியிருந்தது. கப்பல் கம்பெனி அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷிலிருந்து நீச்சல் உடை வரை மற்ற சாமான்களோடு அனுப்பி வைத்திருந்தது. ஆளை மட்டும் அனுப்பவில்லை.

சிங்கப்பூரின் பஃபலோ ரோட்டில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது உர்சுலாவின் துப்பறியும் ஆபீஸ். கீழே மல்லிகையும் கறிவேப்பிலையும் போட்டி போட்டு மணக்கும். மேலே ஏறி வருகிறவர்களுக்கு அதெல்லாம் மூக்கில் ஏறாது. உர்சுலாவுக்கு வயது ஐம்பத்து நான்கு. பாஸ்போர்ட் பார்க்கும் குடிநுழைவுச் சாவடியில் பாதி ஆயுளை உட்கார்ந்தே கழித்தவள். பொய் சொல்கிறவர்கள் கேள்வி வருவதற்கு முன்பே பதிலோடு தயாராக நிற்பார்கள் என்பது அங்கே கற்ற பாடம். உதவியாளன் அகிலனிடம் பாடம் ஒன்றும் கிடையாது, வாய் மட்டும் உண்டு. வாய்க்குத் தனிச் சம்பளம் என்றால் இந்நேரம் செந்தோசாவில் பங்களா வாங்கியிருப்பான்.

"காப்பி சாப்பிடுறீங்களா? மேடம் போட்டா கஷாயம், நான் போட்டா காப்பி" என்றான்.

சிவானி தலையை மட்டும் ஆட்டினாள். வேண்டும் என்றா வேண்டாம் என்றா தெரியவில்லை. அகிலன் போகவில்லை.

"மொதல்லேருந்து சொல்லுங்க" என்றாள் உர்சுலா.

சிவானியின் அம்மா பாக்கியலட்சுமி. எழுபத்தொரு வயது, ஓய்வு பெற்ற ஆசிரியை, கணவர் இல்லை. ஜூரோங்கில் மகள் வீட்டிலேயே இருக்கிறார். காலையில் நீச்சல் குளம், மாலையில் பூங்காவில் நடை. தனியாகப் பயணம் போகும் மூத்தோருக்கென்றே ஒரு குழு இருக்கிறது. ஆளுக்கொரு கேபின், சாப்பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் மட்டும் ஒன்றுசேர்வார்கள். அந்தக் குழுவோடு தாய்லாந்தின் புக்கெட் போகும் சொகுசுக் கப்பலில் ஏறினார். திரும்பும் வழியில் காணாமல் போய்விட்டார்.

"முந்தின ராத்திரி பாட்டு நிகழ்ச்சி முடிஞ்சு ரூமுக்குப் போனவங்கதான். அப்புறம் யாருமே பாக்கல. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வரலன்னு தேடினா ரூம் காலி. செருப்பு மட்டும் பால்கனியில, கம்பி ஓரமா நேரா வச்சிருந்துச்சாம். கழட்டி வச்சிட்டுக் குதிச்சிட்டாங்கன்னு விசாரிச்சவங்க எழுதிட்டாங்க."

"கேமரா?"

"காரிடார் கேமரா லிஃப்ட் பக்கம் மட்டும்தானாம். அம்மா ரூம் வலப்பக்கம். அந்தப் பக்கத்து வெளிக் கேமராவுல ராத்திரி பூரா பாத்தாங்க. இருட்டு, ஒண்ணும் தெரியல. ராத்திரி கப்பல் போன வழியில படகு விட்டுத் தேடினாங்க மேடம். கிடைக்கல."

"அவங்க குதிக்கிற ஆளா?"

சிவானி செருப்பின் நூலைத் தடவினாள்.

"கிளம்புறதுக்கு முந்தின நாள் சண்டை. இந்த வயசுல தனியா என்ன கப்பல் வேண்டிக்கிடக்குன்னு கேட்டேன். 'நான் என்ன கைக்குழந்தையா'ன்னாங்க. ஆத்திரத்துல, போங்க, திரும்பி வராட்டியும் பரவால்லன்னு சொல்லிட்டேன் மேடம். எங்கம்மாவைப் பாத்துச் சொல்லிட்டேன். அவங்க வர்ற அன்னைக்கு லீவு போட்டிருந்தேன். சொல்லாம ஹார்பர்ல போய் நிக்கலாம்னு." செருப்பை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "குழுவுல கூடப் போன ஜார்ஜ் அங்கிள் வீட்டுக்கே வந்து சொன்னாரு. அந்தச் சண்டையைச் சொல்லிச் சொல்லி அம்மா அழுதாங்களாம். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நான் சொன்னதாலதான் குதிச்சாங்களா?"

அகிலனுக்குச் சட்டென்று தன் அம்மாவிடம் நேற்று எரிந்து விழுந்தது ஞாபகம் வந்தது. சாயங்காலம் போன் பண்ண வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

"இந்த நூல் எதுக்கு?" என்றாள் உர்சுலா.

"கோயில்ல செருப்பு மாறிடும்ல, அதுக்கு. எல்லாச் செருப்புலயும் கட்டுவாங்க."

"வீட்டுக்குள்ள செருப்பு போடுவாங்களா?"

"ஐயோ, அம்மாவா? ஏர்கான் ரிப்பேருக்கு வந்த ஆளையே வெளியில கழட்ட வச்சவங்க. வாசலைத் தாண்டிச் செருப்பு வந்தா அன்னைக்குப் பூரா திட்டு விழும்."

"அப்போ பால்கனிக்கு அது எப்படிப் போச்சு? பால்கனிக்கு ரூமுக்குள்ள நடந்துதானே போகணும்?"

சிவானி நிமிர்ந்தாள்.

"கையில தூக்கிட்டுப் போயிருக்கலாம்ல மேடம்?" என்றான் அகிலன்.

"எதுக்கு?"

"கார்பெட் அழுக்காயிடும்னு..." சொல்லும்போதே அவனுக்கு அசட்டுத்தனம் புரிந்துவிட்டது. "சாகப் போறவங்க கார்பெட்டைப் பத்தி ஏன் கவலைப்படணும்? சரி, நான் காப்பி போடுறேன்."

"காப்பி வேணாம், காரை எடு. யாரோ அந்தச் செருப்பைக் கொண்டுபோய் அங்க வச்சிருக்காங்க. ரூம் சாவி யார்கிட்ட இருக்கும்? தினம் ரூமைக் கூட்டுறவன்கிட்ட. அந்தக் கப்பல் இன்னைக்குத் திரும்பி வருது."

சிவானி செருப்பை நீட்டினாள். கொடுக்கும்போது கை விடவில்லை. உர்சுலா மெல்லத்தான் வாங்க வேண்டியிருந்தது.

*

ஹார்பர்ஃபிரண்டில் கப்பல் வந்து நின்றால் ஊழியர்களுக்குக் கொஞ்ச நேரம் கரை ஓய்வு. இலவச வைஃபை எங்கே கிடைக்கிறதோ அந்தப் படிக்கட்டில் எல்லோரும் வந்து உட்கார்ந்து ஊருக்குப் பேசுவார்கள். அகிலன் நாலு பேரிடம் பல்லைக் காட்டி, ஐந்தாவது ஆளிடம் விஷயத்தைக் கறந்துவிட்டான். பாக்கியலட்சுமியின் அறையைக் கவனித்தவன் பெயர் அஸ்மத். இந்தோனேசியாவின் சுராபாயாக்காரன். படிக்கட்டின் கோடியில், போனில் தன் குழந்தைக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

உர்சுலா அவனருகே உட்கார்ந்து மலாயில் பேசினாள். அவள் மலாய்க்கு முன்னால் அகிலனுடைய மலாய் மார்க்கெட்டோடு நின்றுவிடும். ஆனாலும் அஸ்மத்தின் முகம் எல்லா மொழியிலும் பேசியது. முதல் கேள்விக்கே 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்றான்.

உர்சுலா வாதாடவில்லை. பையிலிருந்து செருப்பை எடுத்து அவன் காலடியில் வைத்தாள்.

"மாக்சிக் செருப்பு" என்றான் அஸ்மத். மாக்சிக் என்றால் அத்தை, பெரியம்மா எல்லாம்தான். கண் கலங்கிவிட்டது.

"உன் வேலைக்கு ஆபத்து வராது. பால்கனியில வச்சது நீதானா?"

அவன் போனைப் பைக்குள் போட்டான். பிறகு ஒரேயடியாகக் கொட்டினான். முதல் நாளிலிருந்தே மாக்சிக் செருப்பைக் கேபின் வாசலில், காரிடாரில்தான் கழற்றிப் போடுவார். காரிடாரில் பொருள் எதுவும் கிடக்கக் கூடாது என்பது கப்பல் சட்டம். அவன் எடுத்து உள்ளே வைத்தால் மாக்சிக் திட்டுவார், செருப்பு வீட்டுக்குள் வரக் கூடாது என்று. கடைசியில் இருவரும் சமாதானம் ஆனார்கள். பால்கனியும் வெளிதானே, அங்கே வைத்துவிடு என்றார். அன்றிலிருந்து காரிடாரில் கண்டால் எடுத்துப்போய்ப் பால்கனியில் நேராக வைப்பது அவன் வழக்கம். அன்று காலையும் அப்படித்தான் வைத்தான். கதவைத் தட்டினான், பதில் இல்லை, சாவி போட்டுத் திறந்தான். கூட்டும் நேரத்துக்கு முன்னால், விருந்தாளி அழைக்காமல் உள்ளே போகக் கூடாது. அதனால்தான் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

உர்சுலா மொழிபெயர்த்துச் சொன்னதும் அகிலன் துள்ளி எழுந்தான்.

"அவ்வளவுதான் மேடம்! தற்கொலைன்னு கட்டின கோட்டை இடிஞ்சு போச்சு. அந்தம்மா செருப்பைக் கழட்டி வச்சிட்டுக் குதிக்கல. இவன்தான் வச்சான்!"

"உட்காரு. இன்னும் ஒண்ணு இருக்கு. நம்ம ஊட்ல வாசல்ல செருப்பு கிடந்தா என்ன அர்த்தம்?"

"ஆள் உள்ள இருக்குன்னு அர்த்தம். கடன்காரன் வர்றப்ப மட்டும் எங்கப்பா செருப்பை ஒளிச்சு வைப்பாரு."

"இவன் உள்ள போனப்ப ரூம்ல யாரும் இல்ல. செருப்பு வாசல்ல, ஆள் உள்ள இல்ல. அப்போ வெறுங்காலோட எங்க போனாங்க?"

அகிலன் சொன்னபடி உட்கார்ந்தான். இது அபூர்வம்.

உர்சுலா அஸ்மத்தின் பக்கம் திரும்பி, மிகச் சாதாரணமாக, "அன்னைக்குச் செருப்பு எந்த வாசல்ல கிடந்தது?" என்று கேட்டாள்.

அஸ்மத் விழித்தான். இதை யாரும் அவனிடம் கேட்டதில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"எதிர் வாசல்ல" என்றான். "காரிடார் குறுகல். தவறி அந்தப் பக்கம் கழட்டிட்டாங்கன்னு நெனச்சேன். நூல் கட்டியிருந்ததால மாக்சிக்கோடதுன்னு தெரியும். எதிர் ரூம் பாக்சிக், அந்தப் பெரியவர், குறை சொல்வாரேன்னு எடுத்துட்டேன்."

"எதிர் ரூம்ல யாரு?"

"அதே குழுதான். காலையில மாக்சிக்கோட டெக்ல நடப்பாரு. மிஸ்டர் ஜார்ஜ்."

*

ஜார்ஜின் வீடு இருக்கும் புக்கிட் பாஞ்சாங் வரை அகிலன் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. எல்ஆர்டி ரயில் தலைக்கு மேல் வளைந்து போவதைப் பார்த்து, "சுத்திச் சுத்தி ஏறின இடத்துக்கே வந்து சேர்ற வண்டி" என்று மட்டும் முனகினான். பின்சீட்டில், வழியில் ஏற்றிக்கொண்ட சிவானி. காரிலேயே இருக்கச் சொல்லியிருந்தாள் உர்சுலா. சிவானி சரி என்ற விதமே சரியில்லை.

ஒன்பதாவது மாடி. நீளமான நடை. வீட்டுக்கு வீடு வாசலில் செருப்புகள். பள்ளிக்கூட ஷூ, ரப்பர் செருப்பு, ஒற்றைக் கால் பூட்ஸ், உடைந்த ஷூ ராக். ஒரே ஒரு வாசல் மட்டும் துடைத்துவிட்டாற்போல் வெறிச்சென்று இருந்தது. கதவுக்கு மேல் திருக்குடும்பப் படம்.

"இந்த வீட்ல மட்டும் யாருக்கும் கால் இல்லையா?" என்றான் அகிலன்.

உர்சுலா குனிந்தாள். மஞ்சள் நூல் கட்டிய செருப்பைக் கால்மிதிக்குப் பக்கத்தில், உள்ளே போனவர் கழற்றியது போலவே வைத்தாள். மணியை அழுத்திவிட்டு ஒதுங்கி நின்றாள்.

கதவைத் திறந்தது ஜார்ஜின் மருமகள் ஜோவன்னா. கையில் மாவு.

"யாரு... இது யார் செருப்பு? ஐயோ, மொதல்ல எடுத்துடுங்கக்கா. மாமா பாத்தா கத்துவாரு. கப்பல்லேருந்து வந்ததுலேருந்து வாசல்ல ஒரு செருப்பு இருக்கக் கூடாதுங்கிறாரு. எல்லாம் ரூமுக்குள்ள கிடக்கு. ஏன்னு கேட்டா பதில் இல்லலா."

"யாரும்மா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ஜார்ஜ் நல்ல உயரம். அறுபத்தொன்பது வயது என்றால் நம்ப முடியாது. டி-ஷர்ட்டில் நடைப்போட்டி ஒன்றின் பெயர். வந்தவர் உர்சுலாவைப் பார்க்கவில்லை, அகிலனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"யார் எடுத்தது?" என்றார். "அன்னைக்கு யார் எடுத்தது? நான் கதவைத் திறந்தப்ப இல்லையே..."

"என்னைக்கு மாமா?" என்றாள் ஜோவன்னா.

அவருக்கு அப்போதுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று புரிந்தது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

உர்சுலா தானும் எதிரே நடையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "அவங்க உங்க ரூமுக்கு வந்தாங்க. வழக்கம் போலவே வாசல்ல கழட்டினாங்க. மீதியை நீங்க சொல்லுங்க."

"சூரியன் என் பக்கம்தான் வரும்" என்றார் ஜார்ஜ். "அவங்க ரூம் வலப்பக்கம். கப்பல் தெற்க வர்றப்ப விடியல் இடப்பக்கம்தானே. பாக்கணும்னு ஆசைப்பட்டாங்க. பால்கனியில டீ குடிச்சோம். பொண்ணுக்கு ஒரு போட்டோ அனுப்பணும், பாத்தா கோபம் போயிடும்னாங்க. கம்பி மறைக்குதுன்னு அந்தக் குட்டி மேசை மேல ஏறினாங்க. வேணாங்கன்னு சொன்னேன். சிரிச்சாங்க. நான் நீச்சல்காரின்னாங்க. மேசை வழுக்கிடுச்சு."

எதிர்வீட்டு ரேடியோவில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜோவன்னாவின் கை மாவு காய்ந்து உதிர்ந்தது.

"கட்டில் பக்கத்துல போன் இருந்திருக்கும். எடுத்தாலே ஆள் வருவான். ஏன் எடுக்கல?"

"எடுத்தேன். என்ன சொல்றது? விடியக்காலையில என் ரூம்ல ஒரு பொம்பளை எப்படின்னு கேப்பாங்க. பையன் கேப்பான். கோயில்ல ஜெபக் குழு நடத்துறவன் நான். திரும்ப வச்சிட்டேன்."

"ரூம்ல என்னதான் நடந்துச்சு?"

"டீ குடிச்சோம்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. சத்தியமா டீதான்."

அகிலனுக்கு ஆத்திரம் பொங்கியது. இந்த மனிதர் கொலை செய்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. உர்சுலாவும் சிலுவை போட்டுக்கொள்ளும் பரம்பரைதான். அவள் கதவுக்கு மேலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு அவரிடம் திரும்பினாள்.

"டீ குடிச்சதை மறைக்க ஒரு உயிரைத் தண்ணியில விட்டுட்டீங்க. ராத்திரிக்கு அப்புறம் யாரும் அவங்களைப் பாக்கலன்னு எல்லாரும் சொன்னப்பவும் வாயைத் திறக்கல. செருப்பு வலப்பக்கப் பால்கனியில கிடந்ததால வலப்பக்கக் கேமராவைப் பாத்தாங்க. ராத்திரி போன வழியில தேடினாங்க. அவங்க விழுந்ததோ விடிஞ்சப்புறம், இடப்பக்கம், எத்தனையோ மைல் தள்ளி. அந்தக் கடல்ல ஒருத்தர்கூடத் தேடல."

"செருப்பை யாரோ பாத்துட்டாங்கன்னு அன்னைலேருந்து தூங்கல..."

"விழுந்ததும் என்ன ஆச்சு?"

ஜார்ஜ் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மேல வந்தாங்க. நீந்தினாங்க. கப்பல் பக்கமாத்தான் நீந்தினாங்க. கையைத் தூக்கினாங்க. என்னைப் பாத்துத்தான் தூக்கினாங்க. ரொம்ப நேரம் அந்தக் கை தெரிஞ்சுச்சு."

"எங்கம்மா அழுதாங்கன்னு சொன்னீங்களே, அங்கிள்."

லிஃப்ட் பக்கத் தூணருகே சிவானி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. ஜார்ஜ் தலையைத் தூக்கினார். தூக்கியிருக்க வேண்டாம்.

"அழல" என்றார். "நான் பொய் சொன்னேம்மா. அவங்க ஒரு நாளும் அழல. உன்னைப் பத்திச் சொல்லிச் சிரிப்பாங்க. 'எம்பொண்ணுக்கு வாய்தான் நீளம், மனசுல ஒண்ணும் கிடையாது. நான் இறங்குறப்ப பாருங்க, ஹார்பர்ல அவதான் மொதல்ல நிப்பா'ன்னாங்க."

சிவானி சுவரில் சாய்ந்தாள். கத்துவாள், அடிப்பாள் என்று அகிலன் ஒரு அடி முன்னால் வைத்தான். அவள் இரண்டையும் செய்யவில்லை.

"லீவு போட்டிருந்தேன் அங்கிள்" என்றாள். "அவங்களுக்குத் தெரியாது. லீவு போட்டிருந்தேன்."

திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். முதலில் அழுதது ஜோவன்னாதான்.

உர்சுலா எழுந்து தள்ளிப் போய்ப் போலீசிடம் போனில் பேசினாள். "இடப்பக்க வெளிக் கேமரா. ராத்திரி இல்ல, சூரியன் உதிக்கிற நேரம். ஆமா, நேரில் பாத்தவர் இங்க இருக்காரு. ஓட மாட்டாரு. பினாங்கு ஓரத்து மீன்பிடிக் கிராமம் எல்லாம், ஆஸ்பத்திரி எல்லாம் கேக்கணும்."

சிவானி அவள் பக்கம் வந்தாள். கேள்வி கண்ணிலேயே இருந்தது.

"உயிரோட இருப்பாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள் உர்சுலா. "பொய் உங்களுக்கு நிறைய சொல்லியாச்சு. ஆனா இனிமே சரியான கடல்ல தேடுவாங்க."

சிவானி தலையசைத்தாள். வாசலுக்கு நடந்து, ஜார்ஜின் காலடியிலிருந்து செருப்பை எடுத்துக்கொண்டாள்.

*

ஜூரோங் வரை அகிலன்தான் அவளைக் கொண்டுவிட்டான். வழியில் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஒன்றும் வரவில்லை. வராததற்காகத் தன்னையே மதித்துக்கொண்டான்.

வீட்டு வாசலில் சிவானி பையிலிருந்து செருப்பை எடுத்தாள். தன் செருப்புக்கும் கணவனின் ஷூவுக்கும் நடுவில் அதற்கென்று இருந்த இடத்தில் வைத்தாள். நூல் அவிழ்ந்திருந்தது. இறுக்கிக் கட்டினாள்.

பக்கத்து வீட்டு ஹனீன் அக்கா குப்பைப் பையோடு வெளியே வந்தார். கண் நேரே கீழே போனது. முகம் மலர்ந்துவிட்டது.

"யா அல்லா! அம்மா வந்துட்டாங்களா?"

அகிலன் லிஃப்ட் பொத்தானை அழுத்தப் போன கையை நிறுத்தினான்.

"இல்லக்கா" என்றாள் சிவானி. "வரத்தான் பாத்தாங்க."